சிஸ்கோ சாதி வழக்கு: மனிதவளத் துறை மூடிய கோப்பை மாநில அரசு திறந்தது எப்படி

2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று, சிஸ்கோ சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சான் ஹோசே நகரில் உள்ள தலைமையகத்தில் வேலை பார்த்த ஒரு தலித் பொறியாளரை, அதே அணியில் மேலாளர்களாக இருந்த இரண்டு இந்தியர்கள் சாதியின் பெயரால் ஒதுக்கினார்கள், அவர் முறையிட்டதும் பழிவாங்கினார்கள், நிறுவனம் அதைத் தடுக்கவில்லை என்பது வழக்கின் சாரம். பொறியாளரின் உண்மைப் பெயர் மனுவில் இல்லை. பெயரை மறைக்க வேண்டிய வழக்குகளில் அங்கே வழக்கமாகப் பயன்படும் ‘ஜான் டோ’ என்ற பெயரே இருந்தது. அமெரிக்காவில் ஓர் அரசு அமைப்பு சாதிப் பாகுபாட்டுக்காகத் தனியார் நிறுவனம் ஒன்றை நீதிமன்றத்துக்கு அழைத்த முதல் வழக்காக இது பேசப்பட்டது.

அமெரிக்காவில் சாதி உண்டா, அதைச் சட்டத்தில் எழுதலாமா என்ற பெரிய சர்ச்சை உடனே கிளம்பியது. அது தேவையான சர்ச்சைதான். ஆனால் அந்த இரைச்சலில் வேலை பார்ப்பவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி கவனிக்கப்படாமல் போய்விட்டது. நிறுவனத்தின் மனிதவளத் துறை விசாரித்து, ஒன்றுமில்லை என்று முடித்துவைத்த ஒரு முறையீடு மாநில அரசே வாதியாக நிற்கும் வழக்காக எப்படி மாறியது? எந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது? எந்த இடங்களில் அது முறிந்துபோயிருக்கக்கூடும்? இந்த ஆய்வு அந்தக் கேள்விகளைப் பற்றியது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் சம்பவங்கள் மாநிலத் துறை தாக்கல் செய்த மனுவில் உள்ள குற்றச்சாட்டுகள். சிஸ்கோ அவற்றை மறுத்தது. தன் உள்விசாரணையில் பாகுபாடோ பழிவாங்கலோ நிரூபணமாகவில்லை என்றது. குற்றம் சாட்டப்பட்ட இரண்டு மேலாளர்களும் மறுத்தார்கள். அவர்கள் மீதான வழக்கைத் துறையே பின்னர் கைவிட்டது. அதனால் அவர்களின் பெயர்கள் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

மனு சொல்லும் கதை

ஜான் டோ 2015 செப்டம்பரில் சிஸ்கோவில் முதன்மைப் பொறியாளராகச் சேர்ந்தார். அவரைத் தேர்ந்தெடுத்த மேலாளரும் அவரும் ஒரே ஐஐடியில் படித்தவர்கள். அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த முன்னேறிய சாதியினர். 2016 இலையுதிர் காலத்தில் சக ஊழியர்கள் இருவர் டோவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், ஐஐடியில் இடஒதுக்கீட்டில் நுழைந்தவர் என்று மேலாளர் பேசியிருக்கிறார்.

அமெரிக்க வாசகருக்கு இதில் என்ன தீங்கு என்று உடனே விளங்காமல் இருக்கலாம். நமக்கு விளக்கம் தேவையில்லை. ஒருவருடைய சாதியை அவரைக் கேட்காமல் அணிக்குள் போட்டு உடைப்பதும், ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற முத்திரையைத் திறமைக்கான சான்றாக நிறுத்துவதும் என்ன செய்யும் என்பது கல்லூரி விடுதியில் காலம் கழித்த எவருக்கும் தெரியும். இருபதாண்டுகளுக்கு மேல் மென்பொருள் துறையில் உழைத்து, கடல் கடந்து போன பிறகும் நுழைவுத் தேர்வுப் பட்டியல் ஒருவரைத் துரத்திக்கொண்டு வருகிறது என்றால் அது அற்பமான அலுவலக வம்பு அல்ல.

2016 நவம்பரில் டோ மேலாளரிடம் நேரடியாகக் கேட்டார். யார் சொன்னது என்று மேலாளர் திருப்பிக் கேட்டதாகவும், தான் அப்படிப் பேசவில்லை என்றதாகவும் மனு கூறுகிறது. டோ மனிதவளப் பிரிவைத் தொடர்புகொண்டார். முதல் முறை தொடர்புகொண்ட ஆறாவது நாள், இரண்டு தொழில்நுட்பங்களுக்கு அவர் வகித்த தலைமைப் பொறுப்பு பறிக்கப்பட்டது. அணி மாற்றியமைக்கப்பட்டது. வேறு இருவர் பதவி உயர்ந்தார்கள். டோ தனியாக வேலை பார்க்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். டிசம்பரில் அவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்.

2017 பிப்ரவரியில் அந்த விசாரணை முடிக்கப்பட்டது. டோ ‘முதன்மைப் பட்டியலில்’ (இடஒதுக்கீடு இல்லாத பொதுப் பட்டியல்) இல்லாதவர் என்று சக ஊழியர்களிடம் சொன்னதை மேலாளர் ஒப்புக்கொண்டதாக நிறுவனத்தின் விசாரணைக் குறிப்பிலேயே இருந்தது என்கிறது மனு. அப்படியிருந்தும் கோப்பு மூடப்பட்டது. சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று ஊழியர் உறவுப் பிரிவில் இருந்தவர்கள் கருத்துத் தெரிவித்ததாகவும் மனுவில் உள்ளது. டோ விடாமல் கேட்டதால் விசாரணை மறுபடி திறக்கப்பட்டு, 2017 ஆகஸ்டில் மீண்டும் ‘நிரூபணமாகவில்லை’ என்றே முடிந்தது. 2018இல், குற்றம் சாட்டப்பட்ட இரண்டாவது மேலாளர் அணியின் இடைக்காலத் தலைவராக வந்தார். ஒதுக்கல் அவர் காலத்திலும் தொடர்ந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த ஆண்டு டோ மாநிலத் துறையின் கதவைத் தட்டினார்.

பட்டியலில் இல்லாத சொல்

டோவின் புகாரை வாங்கிக்கொண்டது அப்போது நியாயமான வேலைவாய்ப்பு மற்றும் வீட்டுவசதித் துறை என்று அழைக்கப்பட்ட அமைப்பு. 2022 ஜூலையிலிருந்து அதன் பெயர் குடிமை உரிமைகள் துறை. கலிபோர்னியா 1959இலேயே வேலைவாய்ப்புப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இயற்றிய மாநிலம். நியூயார்க் அதற்கும் முன்னதாக 1945இல் இயற்றியது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வேலைப் பாகுபாடு என்றால் வாஷிங்டனில் உள்ள, மத்திய அரசின் சமவேலைவாய்ப்பு ஆணையம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. பல மாநிலங்களில் அதைவிட வலுவான கதவு வீட்டருகே இருக்கிறது.

கலிபோர்னியாவில் அந்த வலு எங்கெல்லாம் தெரிகிறது? மத்தியச் சட்டம் குறைந்தது 15 பேர் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான் பொருந்தும். மாநிலச் சட்டம் 5 பேர் இருந்தாலே பொருந்தும். தொல்லைப்படுத்தல் குற்றச்சாட்டு என்றால் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் போதும். மத்தியச் சட்டத்தில் மனவேதனைக்கும் தண்டனைக்குமான இழப்பீடு, எவ்வளவு பெரிய நிறுவனமானாலும், 3,00,000 டாலருக்கு மேல் போகாது. மாநிலச் சட்டத்தில் அப்படி உச்சவரம்பு இல்லை. எல்லா மாநிலமும் இப்படி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் தனியார் ஊழியர்களுக்கான பொதுவான வேலைப் பாகுபாட்டுச் சட்டமே கிடையாது. ஒரே நிறுவனத்தின் ஒரே பதவியில் இருப்பவர் மாநில எல்லையைத் தாண்டினாலே அவருடைய உரிமையின் அளவு மாறிவிடும்.

இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு, வம்சாவளி, உடல் ஊனம், வயது என்று கலிபோர்னியாச் சட்டத்தில் நீண்ட பட்டியல் இருக்கிறது. சாதி அதில் இல்லை. நிறுவனத்தின் உள்விசாரணை தடுக்கி நின்றது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. சொல் இல்லை, ஆகவே தடையும் இல்லை என்பது அலுவலகத் தர்க்கம். சட்டம் அப்படி இயங்குவதில்லை. துறையின் வழக்கறிஞர்கள் மதம், வம்சாவளி, பிறந்த நாடு மற்றும் இனக்குழு, இனம் மற்றும் நிறம் ஆகிய வகைகளின் கீழ் சாதியைக் கொண்டுவந்தார்கள். இவற்றில் என் கணிப்பில் மிக உறுதியானது வம்சாவளி. பிறப்பால் வருவது, தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது, மதம் மாறினாலும் நாடு மாறினாலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது சாதி. ‘வம்சாவளி’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வேறொரு பழைய குடிமை உரிமைச் சட்டத்தை விளக்கும்போது, வம்சாவளியோ இனக்குழுப் பண்புகளோ காரணமாக நடக்கும் பாகுபாடு அதன் கீழ் வரும் என்று தீர்ப்பளித்திருந்தது.

மாறாக, மதத்தின் மேல் இந்த வழக்கைச் சாய்த்தது தேவையற்ற சுமையாகிவிட்டது. இந்து அமெரிக்க அறக்கட்டளை என்ற அமைப்பு, சாதியை இந்து மதத்தின் அங்கமாக அரசு வரையறுக்கிறது என்று ஆட்சேபித்து, துறையின் மீதே 2022இல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பாதிக்கப்பட்டவரின் வழக்கு மதத்தின் வழக்காகத் திசைமாற அது வழிவிட்டது. வம்சாவளியை முன்னே நிறுத்தியிருந்தால் அந்த வாதத்துக்கு அவ்வளவு பிடிமானம் இருந்திருக்காது. அமெரிக்காவில் தலித்துகளில் 67 விழுக்காட்டினர் வேலையிடத்தில் அநீதியாக நடத்தப்பட்டதாகச் சொன்ன ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் ஆய்வையும் மனு மேற்கோள் காட்டியது. அந்த ஆய்வு அமெரிக்காவில் உள்ள எல்லா இந்தியர்களிலிருந்தும் சமவாய்ப்பு முறையில் எடுத்த மாதிரி அல்ல என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு நடந்ததை நிரூபிக்க விழுக்காடு தேவையில்லை. அவருக்கு என்ன நடந்தது என்பதுதான் தேவை.

பழிவாங்கல் ஏன் தனி ஆயுதம்

மனுவில் பாகுபாடு ஒரு குற்றச்சாட்டு, பழிவாங்கல் இன்னொன்று. இரண்டும் ஒன்றே என்று நினைப்பவர்கள் மிக முக்கியமான பாதுகாப்பை இழக்கிறார்கள். 2005இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அழகுசாதன நிறுவனம் ஒன்றின் மேலாளர் தொடுத்த வழக்கில் ஒரு தெளிவான நிலைப்பாட்டை எடுத்தது. போதிய அழகில்லை என்பதற்காக ஒரு விற்பனைப் பெண்ணை நீக்கச் சொன்ன உத்தரவை அந்த மேலாளர் நிறைவேற்ற மறுத்தார். பிறகு அவரே குறிவைக்கப்பட்டார். எதிர்த்த செயல் இறுதியில் சட்டவிரோதம் என்று நிரூபணமாக வேண்டிய கட்டாயமில்லை. அது சட்டவிரோதம் என்று நியாயமாகவும் நல்லெண்ணத்துடனும் நம்பி எதிர்த்திருந்தாலே பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம்.

இதை டோவின் நிலைக்குப் பொருத்திப் பாருங்கள். சாதி சட்டத்துக்குள் வருமா வராதா என்ற கேள்விக்கு நாளை எந்த விடை வந்தாலும், அது வரும் என்று அவர் நியாயமாக நம்பி முறையிட்டிருந்தால், முறையிட்ட ஆறாவது நாள் பொறுப்பு பறிபோனது தனியாக விசாரிக்கப்பட வேண்டிய கேள்வி ஆகிவிடுகிறது. ‘சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல’ என்று சொல்லிக் கோப்பை மூடிய நிறுவனம் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. பாகுபாட்டை நிரூபிக்க மேலாளரின் மனத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. பழிவாங்கலுக்கோ பெரும்பாலும் நாட்காட்டியே முதல் சாட்சி.

மேலாளர்களைத் தனிநபர்களாக வழக்கில் சேர்த்ததற்கும் சட்டக் காரணம் உண்டு. கலிபோர்னியாவில் பாகுபாட்டுக்கு நிறுவனம் மட்டுமே பொறுப்பு. தொல்லைப்படுத்தலுக்குத் தனிநபரும் சொந்தமாகப் பொறுப்பாளி.

புகார் போகும் பாதை

மாநிலத் துறைக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. முதலில் ஒரு விவரப் படிவம். இணையம் வழியாகவோ அஞ்சலிலோ தொலைபேசியிலோ கொடுக்கலாம். யார், எப்போது, என்ன செய்தார், எந்த அடிப்படையில், யார் பார்த்தார்கள் என்பவை அதில் இருக்க வேண்டும். பிறகு துறையின் அலுவலர் ஒருவர் பேசி, விஷயம் சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பார். வருமானால் முறையான புகார் எழுதப்படும். அதன் உண்மைக்குப் பொறுப்பேற்று முறையிடுபவர் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்துக்கு நகல் போகும், பதில் வரும், விசாரணை நடக்கும். ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் துறைக்கு உண்டு. விதிமீறல் இருப்பதாகத் துறை கருதினால், வழக்குப் போடுவதற்கு முன் சமரசப் பேச்சுக்குக் கட்டாயம் அழைக்க வேண்டும். அதுவும் கைகூடாவிட்டால்தான் நீதிமன்றம்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. விசாரணை வேண்டாம், நானே வழக்குத் தொடுக்கிறேன் என்பவர் அன்றே ‘வழக்குத் தொடுக்கும் உரிமை’ அறிவிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மத்திய ஆணையத்தின் அறிவிப்பு என்றால் 90 நாட்கள்தான். மாநில அறிவிப்பை வாங்கிய பிறகு துறை விசாரிக்காது. ஆகவே தயாராக ஒரு வழக்கறிஞர் இல்லாமல் இந்தக் கதவைத் திறப்பது ஆபத்து. துறைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படி அறிவிப்போடு வெளியேறுபவைதான். துறையே வாதியாக நீதிமன்றம் ஏறுவது அரிது. டோவின் புகார் அந்த அரிதான சிலவற்றில் ஒன்று.

மத்திய ஆணையமும் மாநிலத் துறையும் புகார்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஒரு இடத்தில் கொடுத்தால் மறு இடத்திலும் பதிவு செய்யச் சொல்லலாம். படிவத்தில் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உள்விசாரணை விழுங்கிய காலம்

இந்த வழக்கில் என்னை அதிகம் கவலைக்குள்ளாக்கியது கெடு. 2018இல் டோ புகார் கொடுத்தபோது கலிபோர்னியாவில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் துறைக்கு வர வேண்டும் என்பதுதான் சட்டம். பொறுப்பு பறிபோனது 2016 நவம்பரில். முதல் உள்விசாரணை முடிந்தது 2017 பிப்ரவரியில். இரண்டாவது முடிந்தது 2017 ஆகஸ்டில். அவர் துறைக்கு வந்தபோது தொடக்கச் சம்பவங்களுக்கு ஓராண்டு கடந்துவிட்டது.

ஒரே தன்மையுள்ள செயல்கள் இடைவெளியில்லாமல் தொடர்ந்தால், பழைய சம்பவங்களையும் சேர்த்துப் பார்க்கலாம் என்ற கோட்பாட்டைக் கலிபோர்னியா நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. 2018 வரை ஒதுக்கல் தொடர்ந்தது என்று மனு விரிவாக எழுதியதன் அவசியம் இதில் இருக்கிறது. ஆனால் நிறுவனத்துக்குள் நம்பிக்கையோடு காத்திருந்த ஒருவர், காத்திருந்ததாலேயே உரிமையை இழக்கும் நிலைக்கு அருகில் வந்தார் என்பது எவ்வளவு கொடுமை! உள்முறையீடு நிலுவையில் இருப்பதால் மத்திய ஆணையத்தின் கெடு நின்றுவிடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லிவிட்டது. மாநில நீதிமன்றங்கள் சில சூழல்களில் அந்தக் காலத்தைக் கழித்துக் கொடுக்கலாம். அந்தச் சலுகையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

2020 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில் கெடு மூன்று ஆண்டுகளாக உயர்ந்தது. நியூயார்க்கிலும் 2024 பிப்ரவரியிலிருந்து மூன்று ஆண்டுகள். டெக்சாஸில், பாலியல் தொல்லைப் புகார்கள் தவிர மற்றவற்றுக்கு, இன்றும் 180 நாட்கள்தான். மத்திய ஆணையத்துக்குப் பொதுவாக 180 நாட்கள். மாநிலத்துக்கென்று அமைப்பு உள்ள இடங்களில் 300 நாட்கள். மனிதவளப் பிரிவிடம் முறையிடுவதை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. பழிவாங்கல் பாதுகாப்பும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் முறையிட்ட அன்றே வெளிக்கெடுவின் கடைசி நாளையும் குறித்துவைக்க வேண்டும்.

டோவின் மனுவுக்கு உயிர் கொடுத்தவை தேதிகள். எந்த நாள் யாரிடம் பேசினார், எத்தனை நாள் கழித்து என்ன மாறியது, எழுத்தில் எப்போது கொடுத்தார் என்பவை வரிசையாக இருந்தன. வாய்மொழியாகச் சொன்னதை அன்று மாலையே ஒரு மின்னஞ்சலாகத் திருப்பி எழுதி அனுப்பும் பழக்கம் பிற்பாடு எந்த வழக்கறிஞரும் செய்ய முடியாத உதவியைச் செய்யும். ஆனால் எல்லை உண்டு. கலிபோர்னியாவில் தனிப்பட்ட உரையாடலை எதிரில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் ஒலிப்பதிவு செய்வது குற்றம். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை அள்ளிச் சொந்த முகவரிக்கு அனுப்புவது, வேலையை விட்டு நீக்க அவர்களுக்குக் கையில் ஒரு காரணத்தைக் கொடுப்பதாகும்.

விசாவில் இருப்பவர்களின் அச்சத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் அமெரிக்காவில் தங்க அதிகபட்சம் 60 நாட்கள் அவகாசம். குடியேற்ற நிலை எதுவானாலும் மாநிலத்தின் தொழிலாளர் மற்றும் குடிமை உரிமைச் சட்டங்கள் பொருந்தும் என்று கலிபோர்னியாச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வது சரி. ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளியும் அந்த 60 நாட்களுக்குள் அடங்குவதில்லை. முறையிடாமல் இருப்பவர்களைக் கோழைகள் என்று யாரும் பேசக்கூடாது.

இரண்டு தீர்ப்புகள்

2020 அக்டோபரில் துறை மத்திய நீதிமன்ற வழக்கைத் திரும்பப் பெற்று, சாண்டா கிளாரா கவுண்டியின் மாநில நீதிமன்றத்தில் புதிதாகத் தொடுத்தது. அங்கே சிஸ்கோ முன்வைத்த வாதம் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெரும்பாலோருக்குப் பழக்கமான ஒரு தாளைப் பற்றியது. வேலையில் சேரும்போது பிற படிவங்களோடு கையெழுத்து வாங்கப்படும் நடுவர் ஒப்பந்தம் அது. தகராறு வந்தால் நீதிமன்றம் போகமாட்டேன், தனியார் நடுவர் முன்பே தீர்த்துக்கொள்வேன் என்ற உறுதி. டோ அப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார், ஆகவே வழக்கு நடுவரிடம் போக வேண்டும் என்றது நிறுவனம்.

2022 ஆகஸ்டில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் டோ, துறை கையெழுத்திடவில்லை. துறை அவருக்குப் பதிலாள் அல்ல, சட்டத்தை நிலைநாட்டும் அரசு அமைப்பாகத் தன் சொந்த அதிகாரத்தில் வழக்குத் தொடுக்கிறது. மத்திய ஆணையத்தின் வழக்குகளுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்ன அதே நியாயம்தான் இது. முழு வழக்கிலும் எல்லா ஊழியர்களுக்கும் மிகவும் பயன்படும் தீர்ப்பு இதுவே என்பது என் உறுதியான கருத்து. டோ தனியாக வழக்குப் போட்டிருந்தால் அந்தத் தாள் அவரைப் பூட்டிய அறைக்குள் கொண்டுபோயிருக்கக்கூடும். நடுவரின் முடிவு வெளியே வராது, முன்னுதாரணமாகாது. மாநிலம் வாதியாக நின்றதால் கதவு திறந்தே இருந்தது.

இரண்டாவது பிரச்சினை பெயர். உண்மைப் பெயரை வெளியிட வேண்டும் என்று நிறுவனம் கோரியது. விசாரணை நீதிமன்றமும் புனைபெயரை அனுமதிக்கவில்லை. துறை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. பெயர் வெளியானால் இந்தியாவில் இருக்கும் உறவினர்களுக்கு என்ன நேரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் அதே 2022இல் சொல்லி, மறுபடி பரிசீலிக்க உத்தரவிட்டது. சான் ஹோசேயில் ஒருவரின் சாதி அறியப்படுவதால் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் குடும்பம் ஆபத்துக்குள்ளாகலாம் என்பதை ஓர் அமெரிக்க நீதிமன்றம் பொருட்படுத்தத்தக்க விஷயமாக ஏற்றது. சாதி எப்படி இயங்குகிறது என்ற அறிவு அந்த மன்றத்துக்குள் நுழைந்த நேரம் அது.

2023

2023 ஏப்ரலில் துறை, இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கைத் தானாகவே கைவிட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. அந்த இருவரின் தரப்பு, முதல் மேலாளர் வேறொரு தலித் பொறியாளரையும் உயர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுத்தவர் என்று எடுத்துக்காட்டியிருந்தது. இதை வெற்றியாக ஒரு தரப்பும் சறுக்கலாக மறு தரப்பும் பேசின. மூன்று ஆண்டுகள் தனிநபர்களின் பெயர்களைப் பொதுவெளியில் வைத்துவிட்டுப் பிறகு விலக்கிக்கொள்வதை எளிதாகக் கடந்து போக முடியாது. அரசு வாதியாக இருக்கும்போது, யாரைச் சேர்ப்பது என்ற முடிவில் இன்னும் கவனம் இருந்திருக்க வேண்டும். அதே வேளை, நிறுவனம் தடுக்கத் தவறியதா என்பது தனிநபர் பொறுப்பிலிருந்து வேறுபட்ட கேள்வி. சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

வழக்கின் தாக்கம் நீதிமன்றத்துக்கு வெளியே வேகமாகப் பரவியது. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களில் வேலை பார்க்கும் தலித் பெண் பொறியாளர்கள் முப்பது பேர் பெயர் வெளியிடாமல் 2020இல் கூட்டறிக்கை விட்டார்கள். ஆப்பிள் தன் அமெரிக்க நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022இல் தன் பாகுபாட்டு எதிர்ப்புக் கொள்கையில் சாதியை எழுதியது. 2023 பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவும் சேர்ந்துகொண்டது.

மாநில அளவில் செனட் உறுப்பினர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்த மசோதா, வம்சாவளி என்பதன் விளக்கத்துக்குள் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்க்க முயன்றது. இரு அவைகளிலும் பெரும்பான்மையோடு நிறைவேறியது. தமிழ் வேர்கள் கொண்ட தேன்மொழி சௌந்தரராஜன் நிறுவிய ஈக்வாலிட்டி லேப்ஸ் உள்ளிட்ட அமைப்புகள் அதற்காகப் போராடின. ஆளுநர் கேவின் நியூசம் 2023 அக்டோபர் 7 அன்று கையெழுத்திட மறுத்தார். வம்சாவளி உள்ளிட்ட வகைகளில் பாகுபாட்டை மாநிலச் சட்டம் ஏற்கெனவே தடுக்கிறது, சாதியும் அந்த வகைகளுக்குள் வந்துவிடுகிறது, ஆகவே இது தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

நான் அந்த முடிவை ஏற்கவில்லை. 2017இல் ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் உறவுப் பிரிவே சாதியைச் சட்டத்துக்கு வெளியே வைத்துப் பார்த்தது என்று மாநிலமே மனுவில் எழுதியிருக்கும்போது, பெயர் சொல்லி எழுதுவது எப்படித் தேவையற்றதாகும்? இருந்தாலும் ஆளுநரின் அந்தக் காரணத்தை எதிர்தரப்புக்கு விட்டுவிடக் கூடாது. அது இப்போது முறையிடுபவரின் கையில் இருக்க வேண்டிய தாள். கலிபோர்னியாவில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் துறையின் படிவத்தை நிரப்பும்போது வம்சாவளி என்ற கட்டத்தைக் குறிக்கலாம். பொருந்துமானால் பிறந்த நாட்டையும் குறிக்கலாம். நடந்ததை விவரிக்கும் இடத்தில் சாதி என்ற சொல்லை மறைக்காமல் எழுத வேண்டும். முறையிட்ட பிறகு ஏதாவது பறிபோயிருந்தால் பழிவாங்கல் என்ற கட்டத்தையும் விடாமல் குறிக்க வேண்டும், தேதியோடு.